சக்கரத்துக்கு முன்னால் தலையைப் பாருங்கள்: தொழிற்சாலை வண்டிக்குச் சுழல் காஸ்டர் வாங்குவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தெற்குப் பக்கம் ஜேக்கப்ஸ், மொபேனி, பிராஸ்பெக்டன் என எந்தத் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தாலும், ஏதாவது ஒரு பட்டறைச் சுவரோரம் ஓடாத டிராலி ஒன்று சாய்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். கிட்டப் போய்ப் பார்த்தால், பல வண்டிகளில் சக்கரம் நன்றாகவே இருக்கும். அதற்கு மேலே, சக்கரத்தை வண்டியோடு பிணைக்கிற சுழலும் பகுதிதான் ஆடிப்போயோ வளைந்தோ இறுகியோ கிடக்கும். கடையில் காஸ்டர் வாங்கும்போது நாம் பார்ப்பது சக்கரத்தின் அளவு, அதன் நிறம், லேபிளில் போட்டிருக்கும் கிலோ. உடைவதோ வேறு இடத்தில். அந்த இடத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

அடிப்படையிலிருந்து தொடங்கலாம். வண்டி, மேசை, இயந்திரம் ஆகியவற்றின் அடியில் மாட்டுகிற சக்கரத் தொகுப்புக்குத்தான் காஸ்டர் என்று பெயர். நேராக மட்டும் ஓடுவது நிலைக் காஸ்டர். தள்ளுகிற பக்கமெல்லாம் தானே திரும்பிக்கொள்வது சுழல் காஸ்டர். டர்பனைச் சுற்றியுள்ள நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் 2 அடி அகலத் தண்டவாளம் போட்டு, அதன் மேல் கரும்பு வண்டிகளை ஓட்டினார்கள். நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் அந்த வண்டிகளில் கரும்பு ஏற்றியவர்கள். அந்தச் சக்கரங்கள் சுழல வேண்டியதே இல்லை, எங்கே திரும்புவது என்பதைத் தண்டவாளம் பார்த்துக்கொண்டது. சிமெண்டுத் தரையில் தண்டவாளம் கிடையாது. அதனால் திரும்புகிற வேலை முழுவதும் சக்கரத்துக்கு மேலே இருக்கிற ஒரு சின்ன இரும்புத் தொகுப்பின் மேல் விழுகிறது.

அந்தத் தொகுப்பைத் தலை என்று சொல்கிறேன். மேலே நான்கு போல்ட் துளைகளோடு ஒரு தகடு, அது வண்டியோடு பொருந்தும். கீழே சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற கவட்டை. இந்த இரண்டுக்கும் நடுவே வட்டமான தடம், அதற்குள் பேரிங் குண்டுகள். பெரும்பாலான காஸ்டர்களில் குண்டுகள் இரண்டு வரிசையாக இருக்கும். ஒரு வரிசை மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குகிறது. இன்னொரு வரிசை கவட்டை தகட்டை விட்டுப் பிரிந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் நடுவில் கோத்து நிற்பது கிங்பின் என்கிற தடித்த ஆணி.

இனி முக்கியமான விஷயம். சுழல் காஸ்டரைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். சக்கரத்தின் அச்சு கிங்பின்னுக்கு நேர் கீழே இருக்காது, கொஞ்சம் தள்ளியே இருக்கும். இந்தத் தள்ளல் இருப்பதால்தான் வண்டியைத் தள்ளியதும் சக்கரம் பின்னுக்கு வந்து, போகும் திசையைப் பார்த்துத் தானே திரும்பிக்கொள்கிறது. தள்ளல் இல்லாவிட்டால் அது திரும்பவே திரும்பாது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பாரம் நடுவில் இறங்குகிறது, தரையோ ஓரமாகத் தாங்குகிறது. விளைவாகத் தலை எப்போதும் ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கிறது. தடத்தின் ஒரு பக்கத்துக் குண்டுகள் நசுங்குகிற அளவுக்கு அழுத்தப்படுகின்றன, எதிர்ப்பக்கம் கிங்பின் இழுபடுகிறது. வண்டி சும்மா நிற்கும்போதே இந்த நிலை. ஓடுகிற வண்டி தரை இடுக்கில் இடித்தால் அந்த அடியும் இதே இடத்தில்தான் போய்ச் சேர்கிறது. சக்கரத்துக்கு ரப்பரோ, பாலியூரிதேன் என்கிற கெட்டியான பிளாஸ்டிக்கோ மெத்தை மாதிரி இருக்கிறது. தலைக்கு அப்படி எதுவும் இல்லை.

தலைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் ஆரம்பத்துக்குப் போதும். முதல் வகை, தகடுகளைப் பிரஸ்ஸில் அழுத்தி வடிவமைத்து, கிங்பின்னை ரிவெட் அடித்து மூடியது. விலை குறைவு, எடை குறைவு, ஆபீஸ் சாமானுக்கும் லேசான டிராலிக்கும் தாராளம். ஆனால் ஆட்டம் விழுந்தால் இறுக்க வழியில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டாவது வகையில் கிங்பின் போல்ட்டும் நட்டுமாக இருக்கும். தேய்மானம் தெரிந்ததும் நட்டை ஒரு சுற்று இறுக்கிக்கொள்ளலாம். நடுத்தரப் பாரத்துக்கு, ஒழுங்காகப் பராமரிக்கிற இடத்துக்கு நல்ல தேர்வு. மூன்றாவது வகையில் கிங்பின்னே கிடையாது. கடைந்தெடுத்த கனமான வளையங்கள் இரண்டு ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்து, நடுவிலுள்ள பெரிய குண்டுகளே இரண்டையும் பிரியவிடாமல் பூட்டி வைத்திருக்கும். உடைவதற்கு ஆணி இல்லை, பாரமும் அகலமான வட்டத்தில் பரவுகிறது. இடி வாங்குகிற வண்டி, டிராக்டரோ ஃபோர்க்லிஃப்டோ இழுக்கிற வண்டி, 1 டன்னைத் தாண்டுகிற இயந்திரம் எதுவானாலும் யோசிக்காமல் இதற்குப் போங்கள் என்பேன். விலை கூடத்தான். ஆனால் பாரம் ஏற்றிய வண்டி ஒன்று கிங்பின் முறிந்து ஆள் மேல் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதையும் அந்த விலையோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

கடையிலேயே தலையைச் சோதிக்கலாம், கருவி எதுவும் வேண்டாம். ஒரு கையால் தகட்டைப் பிடித்து, மறு கையால் கவட்டையை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் புதிதாக இருக்கும்போதே அது தளர்ந்திருக்கிறது. பிறகு மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். வழவழவென்று போக வேண்டும், எங்காவது தட்டுப்பட்டால் தடம் சரியாகக் கடையப்படவில்லை. கவட்டையின் கால்கள் தலையோடு சேருமிடத்தில் பற்றவைப்பைப் பாருங்கள்: இரண்டு பக்கமும் முழு நீளத்துக்கு இருக்கிறதா, அங்கங்கே புள்ளி வைத்ததோடு விட்டிருக்கிறார்களா? கிரீஸ் நிப்பிள், அதாவது கிரீஸ் அடிக்கிற சின்ன வாய், தலையில் ஒன்று, சக்கர அச்சில் ஒன்று என இரண்டு இருந்தால் தயாரித்தவர் நீண்டகால உழைப்பை நினைத்துச் செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அச்சு போல்ட்டாக இருந்தால் நாளைக்குச் சக்கரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ரிவெட்டாக இருந்தால் முழுசும் போச்சு.

எத்தனை கிலோ தாங்க வேண்டும்?

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் மசாலா அரைக்கிற சிறு தொழிற்கூடம் வைத்திருக்கும் ஓர் அக்கா கேட்ட கேள்வியை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள்: "தம்பி, ஒரு சக்கரத்துல 200 கிலோன்னு போட்டிருக்கான். நாலு சக்கரம், 800 கிலோ ஆச்சு. என் வண்டி, மூட்டை எல்லாம் சேர்த்தே 750தான். போதும்தானே?"

போதாது. கணக்கு சரிதான், தரைதான் அதற்கு ஒத்துவராது. எந்தத் தரையும் கண்ணாடி மாதிரி சமமாக இருப்பதில்லை. நான்கு கால் நாற்காலி ஆடுவதைப் போலவே, நான்கு சக்கர வண்டியும் பெரும்பாலான நேரம் மூன்று சக்கரத்தில்தான் உண்மையாக நிற்கிறது. அதனால் மொத்த எடையை 3-ஆல் வகுக்க வேண்டும். அக்காவின் 750 கிலோவை 3-ஆல் வகுத்தால் 250. இங்கேயே 200 கிலோ சக்கரம் தோற்றுவிட்டது.

அதோடு விடவும் கூடாது. லேபிளில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். சோதனைக் கூடத்தில், அறை வெப்பநிலையில், குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிப் பார்த்துக் கொடுத்த எண் அது. உலக அளவில் இதற்கு ஐஎஸ்ஓ 22883 என்ற தரநிலை இருக்கிறது, மணிக்கு 4 கி.மீ. வரையிலான வேகத்துக்கு, அதாவது ஆள் நடந்து தள்ளுகிற வேகத்துக்கு. அதற்கு மேலே 16 கி.மீ. வரை போகிற காஸ்டர்களுக்கு ஐஎஸ்ஓ 22884 தனியாக உண்டு. கையால் தள்ளத் தயாரான காஸ்டரை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்தால் லேபிளில் இருக்கிற எண்ணுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். வேகம் கூடும்போது சுழல் சக்கரம் இடமும் வலமுமாகப் படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் ஒற்றைச் சக்கரம் துடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். அரை டன் பாரத்தோடு அது நடந்தால் தடம் சீக்கிரமே குழிந்துவிடும்.

அதனால் நான் இப்படிச் சொல்வேன். வழவழப்பான தரையில் கையால் தள்ளுவதென்றால், 3-ஆல் வகுத்த எண்ணைவிடக் கால் பங்கு கூடுதலாக எடுங்கள். இடுக்கு, சாய்தளம், வாசல் படி இருந்தால் ஒன்றரை மடங்கு. இழுவை வண்டி என்றால் இரண்டு மடங்குக்குக் குறையாமல். அக்காவின் கூடத்தில் பழைய சிமெண்டுத் தரை, நடுவில் தண்ணீர் போக வாய்க்கால் வேறு. 250-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 375. அவருக்குச் சரியானது 400 கிலோ காஸ்டர். 200-ல் தொடங்கி 400-ல் வந்து நிற்கிறோம். பேராசை எதுவும் இதில் இல்லை, தரையின் கணக்கு அது.

இன்னொன்று. வண்டியின் எடையைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். இரும்புச் சட்டம் போட்ட டிராலி தானே 100, 150 கிலோ இருக்கும். பிறகு, அதிகபட்சப் பாரம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். வேலையாட்கள் அவசரத்தில் ஏற்றுகிற பாரம்தான் உண்மையான அதிகபட்சம். மூட்டைகளை மேலிருந்து தொப்பென்று போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

தரையைப் பார்த்துச் சக்கரம்

சக்கரத்தின் விட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு சக்கரத்தின் மேல் 100 கிலோ பாரம், எதிரே 10 மி.மீ. உயரத் தடை, ஒரு வாசல் பட்டை என்று வைத்துக்கொள்வோம். நின்ற நிலையிலிருந்து அதன் மேல் ஏற, 100 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தைச் சுமார் 75 கிலோ விசையோடு தள்ள வேண்டும். 150 மி.மீ. சக்கரத்துக்கு 58 கிலோ. 200 மி.மீ. சக்கரத்துக்கு 48 கிலோ. வண்டியின் முன்பக்கம் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் இடித்தால் எல்லாமே இரட்டிப்பு. ஓடுகிற வேகத்தில் ஏற்றினால் ஆளுக்குச் சிரமம் தெரியாது, ஆனால் அந்த விசை எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. அதைத் தலை வாங்கிக்கொள்கிறது. பெரிய சக்கரம் போடுவது தள்ளுகிறவரின் முதுகுக்கு நல்லது, தலையின் ஆயுளுக்கும் நல்லது. வண்டியின் உயரம் இடம் கொடுக்கிறவரை பெரிதாகப் போடுங்கள்.

தள்ளுகிறவர் முதுகைப் பற்றிச் சும்மா சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1993-ஆம் ஆண்டின் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2019-ல் எர்கனாமிக்ஸ் விதிகள் வந்தன. பாரம் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது போன்ற வேலைகளால் உடம்புக்கு வரக்கூடிய ஆபத்தை முதலாளி மதிப்பிட்டுக் குறைக்க வேண்டும். சரியான காஸ்டர் போடுவது அந்தக் கடமையில் ஒரு பங்கு. நம் ஆட்கள் எத்தனையோ பேர் இடுப்பு வலியோடு வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருக்கிறார்கள். அதில் ஒரு பகுதி, தேய்ந்த சக்கரத்தோடு போராடியதால் வந்தது என்றே நான் நம்புகிறேன்.

சரி, எந்தப் பொருளில் சக்கரம்? வார்ப்பிரும்பு எதையும் தாங்கும், சூட்டுக்கும் கவலையில்லை, லேசாக உருளும். ஆனால் தரையைத் தின்னும், காதைப் பிளக்கும். எபாக்சி பூசிய தரைக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள். நைலானும் கடினம்தான். பாரம் தாங்கும், எண்ணெய்க்கும் பல ரசாயனங்களுக்கும் ஈடுகொடுக்கும், சத்தம் உண்டு, அதிர்ச்சியை உள்வாங்காது. ரப்பர் மெத்தென்று ஓடும், மேடுபள்ளத்துக்கு நல்லது, ஆனால் அதே அளவில் பாரம் குறைவாகவே தாங்கும். எண்ணெய் பட்டால் பல ரப்பர்கள் ஊறிவிடும், கனமான பாரத்தோடு நாள்கணக்கில் ஓரிடத்தில் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகும்.

பட்டறைகளில் இப்போது அதிகம் ஓடுவது பாலியூரிதேன். வார்ப்பிரும்பு அல்லது அலுமினிய மையத்தின் மேல் கெட்டியான பாலியூரிதேன் தோல். இரும்பின் பலமும் ரப்பரின் பணிவும் ஓரளவு சேர்ந்து கிடைக்கும், தரையும் பிழைக்கும். பொதுவான வேலைக்கு என் முதல் தேர்வும் இதுதான். ஆனால் டர்பன் மாதிரி ஊரில் ஒன்றைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். பாலியூரிதேனில் பாலியெஸ்டர் வகை, பாலியீதர் வகை என்று இரண்டு உண்டு. பாலியெஸ்டர் வகை வெட்டுக்கும் உராய்வுக்கும் நன்றாக நிற்கும், ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்த காற்றில் மெல்ல மெல்லச் சிதைந்துவிடும். முதலில் மேற்பரப்பு பிசுபிசுக்கும், அப்புறம் விரிசல் விடும், பிறகு கேக் துண்டு மாதிரி உதிரும். ஓடாமல் அலமாரியில் இருந்தாலும் உதிரும். பாலியீதர் வகை ஈரத்தைத் தாங்கும். கோடையில் புழுங்குகிற கடற்கரை ஊர், அதுவும் வெந்நீர் விட்டுக் கழுவுகிற சமையல் கூடம், சர்க்கரை ஆலை, பால் பண்ணை என்றால் பாலியீதர் என்று சொல்லியே வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் தயாரிப்பாளரின் தகவல் தாளைக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

அடுப்புக்குள் போகிற ரேக் என்றால் விஷயமே வேறு. சாதாரணப் பாலியூரிதேன் 70, 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாக்குப்பிடிக்காது. ரொட்டி, பிஸ்கட் சுடும் அடுப்புக்கு, அதற்கென்றே செய்த உயர்வெப்பப் பினாலிக் சக்கரம் வேண்டும். தலைக்குள் இருக்கிற கிரீஸும் உயர்வெப்பக் கிரீஸாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். சக்கரத்தை மட்டும் மாற்றிவிட்டுக் கிரீஸை அப்படியே விட்டால், அது உருகி ஒழுகித் தலை காய்ந்துவிடும்.

தையல் தொழிற்சாலைக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக டர்பனின் துணி ஆலைகளில் வேலை பார்த்தவர்கள், அவர்களைக் கேட்டால் தெரியும். தரையெல்லாம் நூல். அந்த நூல் சக்கரத்துக்கும் கவட்டைக்கும் நடுவே புகுந்து அச்சில் சுற்றிச் சுற்றி, கடைசியில் பேரிங்கின் மூடியைப் பிதுக்கிக்கொண்டு உள்ளேயே போய்விடும். வண்டி கனக்கிறது என்று புகார் வரும்போது சக்கரம் உருளாமல் தரையில் இழுபட்டுக்கொண்டிருக்கும். இதற்கு நூல் தடுப்புத் தட்டு வைத்த காஸ்டர்கள் கிடைக்கின்றன, சக்கரத்தின் இரண்டு பக்கமும் மூடி மாதிரி இருக்கும். கொஞ்சம்தான் விலை கூடும். தையல் கூடத்துக்கு இது இல்லாமல் வாங்குவது காசை வீணாக்குவதுதான்.

சக்கரத்துக்குள் இருக்கிற பேரிங்கைப் பற்றிச் சுருக்கமாக: வெறும் துளை என்றால் மலிவு, மெதுவாக எப்போதாவது ஓடுவதற்கு. ரோலர் பேரிங் கனத்தைத் தாங்கும், கிரீஸ் வேண்டும். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள குண்டு பேரிங் லேசாக உருளும், தூசிக்கும் நல்லது. 6204 மாதிரி பொது எண் கொண்ட பேரிங் இருந்தால் எந்தப் பேரிங் கடையிலும் மாற்று கிடைக்கும். அது ஒரு பெரிய நன்மை.

உப்புக்காற்றும் தண்ணீரும்

கடலோரத்தில் துரு வேகமாகப் பிடிக்கும். பளபளப்பான துத்தநாக முலாம் பூசிய காஸ்டர்கள்தான் கடைகளில் நிறைய. மின்முலாம் மிக மெல்லியது, உள்ளே காய்ந்த இடத்துக்குச் சரி, வெளியில் நிற்கிற வண்டிக்குப் போதாது. உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த முலாம் தடிமனானது, நீண்ட நாள் நிற்கும். தினமும் கழுவுகிற உணவுக்கூடத்தில் ஸ்டெயின்லெஸ் வேண்டும். 304 பொதுவான வகை. உப்பும் வினிகரும் புழங்குகிற ஊறுகாய்க் கூடம், மீன் பதப்படுத்தும் இடம் என்றால் 316, அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பின் அரிப்பைக் கூடுதலாகத் தாங்கும்.

ஆனால் ஸ்டெயின்லெஸ் என்றால் எல்லாவற்றிலும் உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள். 304, 316 இரண்டையுமே சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்க முடியாது. சாதாரண எஃகுத் தலையில் தடத்தைக் கடினப்படுத்தலாம். அதனால் அதே அளவுள்ள ஸ்டெயின்லெஸ் காஸ்டர் பல சமயம் குறைந்த பாரமே தாங்கும், தடம் சீக்கிரம் குழியும். ஈரம் இல்லாத இடத்தில் அதைப் போடுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் பிராஸ்பெக்டன் பக்கம் தொழிற்சாலைகள் தண்ணீரில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டியைக் குழாய் வைத்துக் கழுவி, வெயிலில் காயவைத்தால் பார்வைக்குப் புதிது போல இருக்கும். வண்டல் மண் தலைக்குள் தடத்தில் தங்கியிருக்கும், அது உப்புத்தாள் மாதிரி குண்டுகளைத் தேய்க்கும். நிப்பிள் இருந்தால் பழைய கிரீஸ் கலங்கலாக வெளியே வந்து, புதுக் கிரீஸ் சுத்தமாக எட்டிப் பார்க்கிறவரை அடியுங்கள். நிப்பிள் இல்லாத ரிவெட் வகையை நம்ப வேண்டாம், கனமான பாரத்துக்கு மறுபடி போடாதீர்கள்.

எப்படி மாட்டுவது?

நான்கும் சுழல் என்றால் குறுகிய சந்தில் பக்கவாட்டாகக்கூட நகர்த்தலாம், ஆனால் நீண்ட நடையில் வண்டி கட்டுப்பாடில்லாமல் அலையும். இரண்டு நிலை, இரண்டு சுழல் என்பதே பெரும்பாலோருக்குப் பொருத்தம். சுழல் சக்கரங்கள் கைப்பிடி இருக்கும் பக்கம் வர வேண்டும், அப்போதுதான் தள்ளுகிறவர் பின்னாலிருந்து திருப்ப முடியும். இரண்டு வகைக்கும் மொத்த உயரம் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள், ஒரே விட்டம் என்பதால் ஒரே உயரம் என்று ஆகிவிடாது.

பிரேக்கில் ஒன்று மட்டும் கவனியுங்கள். சில பிரேக்குகள் சக்கரத்தை மட்டும் நிறுத்தும், தலை சுழன்றுகொண்டே இருக்கும். வெட்டும் இயந்திரம், அரைக்கும் இயந்திரம் மாதிரி அதிர்கிறவற்றுக்குச் சக்கரத்தையும் தலையையும் சேர்த்துப் பூட்டுகிற முழுப் பூட்டு வேண்டும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் நகர்த்துகிற கனமான இயந்திரத்துக்கோ, காலைத் திருகி இறக்கி பாரத்தைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிடுகிற சமன் காஸ்டர்தான் நல்லது. சக்கரம் தட்டையாகிற கவலையும் அதோடு போய்விடும்.

தகட்டை வண்டிச் சட்டத்தோடு நேராகப் பற்றவைத்துவிடுகிற பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. வேண்டாம். அந்தச் சூட்டில் கிரீஸ் எரிந்துபோகும், தடத்தின் கடினமும் போய்விடும், பிறகு கழற்றுவதற்கும் கட்டர் தேடி அலைய வேண்டும். சட்டத்தில் தடித்த தகடு ஒன்றைப் பற்றவைத்து, காஸ்டரை அதில் போல்ட் போட்டு மாட்டுங்கள். நான்கு துளைக்கும் நான்கு போல்ட், ஒன்று குறைந்தாலும் பாரம் கோணலாக விழும். தானே கழன்றுவிடாத லாக் நட் போடுங்கள். புதிதாக மாட்டிய முதல் வாரம் முடிந்ததும் ஒரு தடவை இறுக்கிவிடுங்கள்.

பிறகு பராமரிப்பு. கழுவுகிற இடத்தில் வாரம் ஒரு முறை, காய்ந்த இடத்தில் மாதம் ஒரு முறை கிரீஸ் அடிப்பது என் கணக்கு. அப்போதே கிங்பின் நட், அச்சு நட், சக்கரத்தின் தோல் மூன்றையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். பாரமில்லாத வண்டியை ஜாக்கி போட்டு லேசாகத் தூக்கி, கவட்டையைக் கையால் சுற்றுங்கள். தடம் குழிந்திருந்தால் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பல்லில் மாட்டியது போல நின்று நின்று போகும். அந்தத் தலையின் காலம் முடிந்தது, கிரீஸ் எதுவும் அதை மீட்காது.

மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாமல் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று புதிது, பக்கத்தில் தேய்ந்தது என்றால் உயரம் வித்தியாசப்பட்டு, புதிதின் மேல் அதிகப் பாரம் இறங்கும். கடைக்குப் போகும் முன் தகட்டின் நீள அகலம், துளை மையத்திலிருந்து துளை மையம் வரையுள்ள தூரம், சக்கர விட்டம், தோலின் அகலம், தரையிலிருந்து தகடு வரை மொத்த உயரம் ஆகிய அனைத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சின்ன அளவுக் காஸ்டர்களில் துளை இடைவெளி 80-க்கு 60 மி.மீ. என்பது நிறையப் பார்க்கக்கூடியது, ஆனால் நம்பிப் போகாமல் அளந்தே போங்கள். முடிந்தால் பழையதையே ஒரு பையில் போட்டு பக்கியில் (சின்னப் பிக்கப் வண்டி) எடுத்துப் போங்கள். அதைக் கவுண்டரில் வைத்து, தலை எப்படிப் போயிருக்கிறது என்று கடைக்காரரிடம் காட்டினால், இதைவிடப் பெரிய விட்டம் வேண்டுமா, தடித்த தலை வேண்டுமா என்று அவரே சொல்லத் தொடங்குவார்.